அக்சியோவில் மூன்று நாள்

அம்மாவுக்கு ஈ.பி.எப். காசு கிடைத்த கிழமையே வீட்டில் கார் பேச்சு தொடங்கிவிட்டது. 50 வயதானால் பொம்பளையாட்கள் அந்தக் காசை எடுக்கலாம். அம்மா 18 வயசில் தோட்டத்தில் பேர் பதிஞ்சவங்க. 32 வருசம் மலையில் கொழுந்து எடுத்ததுக்கு ஒரே தடவையாகக் கைக்கு வந்த காசு அது. அதை என்ன செய்யலாம் என்று வீட்டில் இருக்கிற ஐந்து பேருக்கும் ஐந்து யோசனை இருந்தது.

இங்கே 'நாங்கள்' என்று எழுதுவது அந்த வீட்டு மூன்று பிள்ளைகளைத்தான். பெரியவன் கட்டாரில் ஆறு வருசம் டிரைவராக இருந்துவிட்டு வந்தவன். நடுவிலவள் பேராதனையில் கலைப்பீடம். சின்னவள் ஹட்டனில் கணிதப் பிரிவில் ஏ.எல். படிக்கிறாள். எழுதுவது ஒருத்தி என்றாலும் கணக்கு ஒருத்தியுடையது, ஓட்டினது இன்னொருத்தன். அதனால் 'நான்' என்று எழுத மனசு வரவில்லை.

பெரியவனின் யோசனை இதுதான். பழைய டொயோட்டா அக்சியோ ஹைபிரிட் ஒன்று வாங்குவது. அம்மாவின் காசையும் கட்டார்க் காசில் மிஞ்சினதையும் முற்பணமாகப் போட்டு, மிச்சத்துக்கு லீசிங். வீட்டுத் தேவைக்கும் ஓடும், கட்டுநாயக்காவுக்கு ஹயரும் ஓடும். "நம்ம பக்கத்துல மாசத்துக்கு எத்தனை பேர் வெளிநாடு போறாங்க, வாறாங்க? எல்லாருக்கும் வேன் தேவையில்லதானே" என்றான். அதில் நியாயம் இருந்தது.

ஏன் பழைய கார்? 2020 மார்ச்சில் வாகன இறக்குமதியை நிறுத்தினார்கள். தனியார் கார்களுக்கு மறுபடி கதவு திறந்தது 2025 பெப்ரவரி 1ஆம் திகதிதான். நடுவில் ஐந்து வருசம் நாட்டுக்குள் இருந்த கார்களே கைமாறிக் கைமாறி விலை ஏறின. இறக்குமதி திறந்த பிறகும் புதுக் காருக்கு வரியோடு சேர்த்துச் சொல்லும் விலை எங்களைப் போன்ற வீடுகளுக்கு வெறும் செய்திதான். பத்து வருசப் பழைய கார்தான் எட்டிப் பிடிக்கக்கூடியதாக இருந்தது. அதுவும் லீசிங்கைப் பிடித்துக்கொண்டு.

ஏன் ஹைபிரிட்? அதுக்கு 2022 போதும். அந்த வருசம் ஜூன் கடைசியில் 92 பெற்றோல் ஒரு லீற்றர் 470 ரூபா. அப்போது தோட்டத்தில் ஒரு நாள் சம்பளம் 1000 ரூபா. அரை நாள் கொழுந்துக்கு ஒரு லீற்றர். பிறகு கியூ.ஆர். கோட் வந்தபோது காருக்குக் கிழமைக்கு 20 லீற்றர், த்ரீவீலருக்கு 5, மோட்டர் சைக்கிளுக்கு 4 என்று அளந்தார்கள். அந்த 20 லீற்றரில் யார் எவ்வளவு தூரம் போனார்கள் என்பதை வைத்துத்தான் எங்கள் பக்கத்தில் ஹைபிரிட் என்ற சொல்லுக்கு மரியாதை வந்தது.

வாங்குகிறதுக்கு முன் ஓட்டிப் பார்ப்போம் என்று முடிவெடுத்தோம். ஹட்டனில் பெரியவனுக்குத் தெரிந்த ஒருவர் தன்னுடைய அக்சியோவை மூன்று நாளுக்கு ஹயர் காசுக்குத் தந்தார். 2025 ஏப்ரல், நுவரெலியாவில் சீசன். ஆளுக்கொரு கேள்வியை ஒரு கொப்பியில் எழுதினோம். பெரியவன் எழுதினது: மலை ஏற்றத்தில் ஐந்து பேரோடு இழுக்குமா? சின்னவள் எழுதினது: ஒரு லீற்றருக்கு உண்மையில் எத்தனை கிலோமீற்றர்? நடுவிலவள் எழுதினது: இந்தக் கார் யாருக்காகச் செய்தது, எங்களுக்குப் பொருந்துமா? அப்பா எதையும் எழுதச் சொல்லவில்லை. அம்மா கடைசியாகச் சொன்னாங்க: "ராத்திரி பதினொரு மணிக்கு லயத்துல இருந்து மேல் ரோட்டுக்கு எத்தன நிமிசம்? அத எழுது."

அம்மா ஏன் அதைக் கேட்டாங்க என்று எங்களுக்குத் தெரியும். சின்னவள் பிறந்தது 2007இல், கொழுந்து லொறியில். ராத்திரி வலி வந்து, வேறு வாகனம் கிடைக்காமல், லொறி டிரைவரை எழுப்பி, கொழுந்துச் சாக்குகளுக்கு மேல் அம்மாவைப் படுக்க வைத்துக் கொண்டுபோனார்கள். மேல் ரோட்டுக்கு ஏற முன்னமே பிள்ளை பிறந்துவிட்டது. வீட்டில் இதைச் சிரிப்பாகத்தான் சொல்வார்கள். சின்னவளுக்குத் தேயிலை வாசம் பிறவியிலேயே உண்டு என்று அப்பா சொல்வார். அம்மா மட்டும் அந்தக் கதைக்குச் சிரித்து நாங்கள் பார்த்ததில்லை.

முதல் நாள் தலவாக்கலையில் இருந்து நானுஓயா வழியாக நுவரெலியா. முதலில் நல்லதைச் சொல்லிவிடுகிறோம். அம்மா பஸ்ஸில் ஏறினால் கையில் எலுமிச்சம்பழம் இல்லாமல் போகமாட்டாங்க. இந்தக் காரில் நானுஓயா வரைக்கும் பழத்தை மோந்து பார்க்கவே இல்லை. ஆட்டம் குறைவு, சத்தம் குறைவு. பின் சீட்டில் அம்மா, அப்பா, சின்னவள் மூன்று பேரும் முழங்கால் இடிக்காமல் இருந்தார்கள். காரின் அகலம் 1.7 மீற்றருக்குள்தான். ஜப்பானில் சின்னக் கார் என்று பதிவதற்கு அந்த அளவைத் தாண்டக்கூடாது. அந்த விதி நம்ம மலை வளைவுகளுக்கும் உதவுகிறது. எதிரே பஸ் வந்தால் ஓரம் கட்ட இடம் கிடைக்கிறது.

ஏற்றத்தில் என்ன நடந்தது? அக்சியோ ஹைபிரிட் ஜப்பானில் வந்தது 2013இல். 1.5 லீற்றர் எஞ்சின் 74 குதிரைவலு, மின் மோட்டர் 61, இரண்டும் சேர்ந்தால் 100. கூட்டினால் 135 வரவேண்டுமே என்று சின்னவள் கேட்டாள். இரண்டும் ஒரே நேரத்தில் தன் உச்சத்தைத் தருவதில்லை, மோட்டருக்கு மின்சாரம் தருகிற பற்றரிக்கும் ஒரு எல்லை உண்டு. அது எங்களுக்கு ஏற்றத்தில் கண்ணுக்கே தெரிந்தது. தொடக்கத்தில் மோட்டர் கைகொடுத்தபோது கார் லேசாக ஏறியது. கொஞ்ச தூரம் போனதும் திரையில் பற்றரிக் கோடுகள் ஒவ்வொன்றாய்க் குறைந்தன. இரண்டு கோடு வந்ததும் எஞ்சின்தான் பெரும்பாலும் வேலை செய்தது, சத்தம் ஏறியது. ஆனால் நிற்கவில்லை, திணறவுமில்லை. பெரியவன் தன் கேள்விக்கு நேரே 'இழுக்கும், அவசரப்படாது' என்று எழுதினான்.

நுவரெலியாவில்தான் இந்தக் காரின் அருமை தெரிந்தது. சீசன் நெரிசல். கிரகரி வாவிப் பக்கம் ஊர்ந்து ஊர்ந்து போனோம். எஞ்சின் பெரும்பாலும் அணைந்தே கிடந்தது. சத்தமில்லாமல் கார் தானாக நகர்வதைப் பார்த்து அப்பா, "இது ஓடுதா, உருளுதா?" என்று கேட்டார். ஆனால் குளிருக்கு ஹீட்டர் போட்டதும் எஞ்சின் மறுபடி எழும்பிவிட்டது. ஹீட்டருக்கு வேண்டிய சூடு எஞ்சின் தண்ணியில் இருந்துதான் வருகிறது. குளிர் ஊரில் கார் ஓட்டுகிறவர்கள் இதைக் கணக்கில் எடுக்கவேண்டும்.

இரண்டாம் நாள் நடுவிலவளைக் கெம்பஸில் விடும் சாட்டில் றம்பொடை வழியாகப் பேராதனைக்கு இறக்கம். ஹைபிரிட் என்றால் இறக்கத்தில் பற்றரி நிரம்பும், அதை வைத்து இலவசமாக ஓடலாம் என்று எல்லாரும் சொல்வார்கள். நாங்களும் நம்பியிருந்தோம். றம்பொடைக்கு வரும் வழியில் பாதி இறங்க முன்னமே பற்றரி நிரம்பிவிட்டது. அதுக்குப் பிறகு எஞ்சின் திடீரென்று பெரிய சத்தம் போட்டது. பெரியவன் பெற்றோல் மிதிக்கவே இல்லை. அம்மா, "என்னடா இது கத்துது?" என்று முன் சீட்டைப் பிடித்துக்கொண்டாங்க.

சின்னவள் ராத்திரி கொப்பியில் கணக்குப் போட்டாள். நுவரெலியா கடல் மட்டத்தில் இருந்து 1868 மீற்றர். றம்பொடை நீர்வீழ்ச்சி இருக்கும் இடம் 945. ஆட்களோடு கார் 1500 கிலோ என்று வைத்தால், 900 மீற்றர் இறங்கும்போது விடுபடும் சக்தி மூன்றரை யூனிட் மின்சாரத்துக்கு மேல். ரோட்டில் உருளவும் காத்தைத் தள்ளவும் ஒரு பங்கு போகும், போனாலும் நிறைய மிஞ்சும். காரின் பற்றரி மொத்தமாகவே ஒரு யூனிட்டுக்குக் கொஞ்சம் குறைவு. அதிலும் முழுசாக நிரப்பவோ முழுசாகக் காலியாக்கவோ கார் விடாது, பற்றரியின் ஆயுளுக்காக நடுப்பகுதியை மட்டும்தான் பாவிக்கும். குடத்தை வைத்துக்கொண்டு நீர்வீழ்ச்சியைப் பிடிக்கப் பார்ப்பது போலத்தான். குடம் நிரம்பினதும் மிச்ச வேகத்தை எங்கேயாவது கொட்டவேண்டும். அதுக்குத்தான் கார் எஞ்சினைச் சும்மா சுத்தவிட்டு வேகத்தைப் பிடிக்கிறது. கியரை 'பி'யில் போட்டால் இந்தப் பிடி இன்னும் கூடும், பிரேக் சூடாகிறது குறையும். நீளமான இறக்கத்தில் 'பி', சமதரையில் 'டி'. சமதரையிலும் 'பி'யிலேயே விட்டால் பெற்றோல் வீணாகும். இந்தச் சின்ன விசயத்தை கார் தந்தவரே எங்களுக்குச் சொல்லவில்லை.

மூன்று நாளும் 260 கிலோமீற்றர். தொடங்கும்போது டேங்க் நிரப்பினோம், முடிவில் அதே செட்டில் மறுபடி நிரப்பினோம். 15.3 லீற்றர் போனது. லீற்றருக்கு 17 கிலோமீற்றர். ஜப்பானில் இந்தக் கார் வந்தபோது அவர்களுடைய பரிசோதனையில் சொன்ன கணக்கு 33. பாதிக்குக் கொஞ்சம் மேலேதான் எங்களுக்குக் கிடைத்தது. ஆனாலும் அதே அளவு சாதாரணக் கார் மலையில் 10, 11 தான் தரும் என்று ஓட்டுகிறவர்கள் சொல்கிறார்கள். ஏப்ரலில் 92 பெற்றோல் 299 ரூபா. அந்த மூன்று நாளுக்கு எங்களுக்குப் போனது 4575 ரூபா. சாதாரணக் கார் என்றால் 7400 ரூபா போல வந்திருக்கும். வித்தியாசம் 2800 ரூபா. 2025இல் இருந்த 1350 ரூபா அடிப்படைச் சம்பளத்தில் அம்மாவின் இரண்டு நாள் உழைப்பு. சின்னத் தொகை இல்லை.

பழைய ஹைபிரிட் பார்க்கிறவர்களுக்கு இடையில் ஒரு வார்த்தை. பின் சீட்டின் பக்கத்தில் காத்து இழுக்கும் ஒரு ஓட்டை இருக்கும். பற்றரி சீட்டுக்குக் கீழே இருக்கிறது, அதைக் குளிரவைக்கும் காத்து அந்த வழியால்தான் போகிறது. அங்கே தூசு அடைத்திருந்தால் பற்றரி எவ்வளவு காலம் சூட்டில் கிடந்திருக்கும் என்று யோசியுங்கள். சீட்டில் பை, போர்வை வைத்து அதை மூடாதீர்கள். வாங்க முன் பற்றரியைக் கணினியில் மாட்டிப் பார்க்கத் தெரிந்த கராஜுக்குக் கொண்டுபோங்கள். மீற்றரில் ஓடின தூரத்தை மட்டும் நம்பாதீர்கள், ஜப்பானில் ஏலம் போனபோது எழுதிய தாளைக் கேளுங்கள். விற்கிறவர் "பற்றரி புதுசு" என்றால் எந்தத் திகதியில் மாற்றினது, பில் எங்கே என்று கேளுங்கள். கேட்க வெட்கப்பட்டால் நட்டம் நமக்குத்தான்.

மூன்றாம் நாள் அம்மாவின் கேள்வி.

மேல் ரோட்டில் இருந்து பெக்டரி வரைக்கும் லொறி ஓடும் பாதை, பரவாயில்லை. பெக்டரியைத் தாண்டிக் கீழ் லயத்துக்கு வரும் துண்டுதான் சோதனை. எல்லாம் சேர்த்து 3.2 கிலோமீற்றர் என்று மீற்றர் காட்டியது. பகலில் ஒருதடவை மெதுவாக வந்துவிட்டோம். ராத்திரி பதினொரு மணிக்கு, தூறல் மழையில், ஐந்து பேரும் ஏறிப் புறப்பட்டோம். சின்னவள் கைப்போனில் நேரம் பிடித்தாள்.

பாலத்தடியில் கல் எழும்பி நிற்கும் இடத்தில் காரின் அடிப்பக்கம் உரசியது. எல்லாரும் இறங்கினோம். அப்பா டோர்ச் அடித்து "வலது, வலது, விடு" என்று வழி காட்ட, பெரியவன் அங்குலம் அங்குலமாகக் கொண்டுபோனான். மாடசாமி கோயில் வளைவில் மறுபடி இறங்கினோம். அங்கே சேற்றில் முன் டயர் சுத்தியது, அப்பாவும் பெண்கள் இரண்டு பேரும் தள்ளினோம். அம்மா குடையோடு மழையில் நின்றாங்க. மேல் ரோட்டைத் தொட்டபோது 31 நிமிசம்.

பக்கத்து வீட்டு அண்ணனின் த்ரீவீலரை அடுத்த ராத்திரி கேட்டு வாங்கி அதே பாதையில் போனோம். 16 நிமிசம், யாரும் இறங்கவில்லை. ஆட்டத்தில் அம்மாவின் இடுப்பு நொந்துபோனது. ஆனால் இறங்கவில்லை.

இது காரின் பிழை இல்லை. தட்டையான ரோட்டுக்காகச் செய்த, தாழ்ந்த, நல்ல கார் அது. கொழும்பில், கண்டியில், நுவரெலியா டவுனில் ஒரு குடும்பம் அன்றாடம் ஓட்ட இதைவிட நிம்மதியான கார் குறைவு என்றுதான் நாங்கள் மூன்று பேரும் எழுதினோம். யூடியூபில் நாங்கள் பார்த்த ஒவ்வொரு ரிவியூவும் கார்ப்பெற் ரோட்டில் தொடங்கி கார்ப்பெற் ரோட்டில் முடிகிறது. எங்கள் பயணம் வாசலில் தொடங்குகிறது. அந்த முதல் மூன்று கிலோமீற்றரை அவர்கள் யாரும் ஓட்டவில்லை.

நடுவிலவளின் கேள்விக்கு விடை இங்கேதான் கிடைத்தது. இந்த மலையில் பாதைகள் எங்களுக்காகப் போட்டதில்லை. ரயில் 1885இல் நானுஓயாவுக்கு வந்தது, தேயிலைப் பெட்டி இறங்கவேண்டும் என்பதற்கு. தோட்டத்துப் பாதை பெக்டரியோடு நல்லபடி முடிகிறது, கொழுந்து அங்கே போனால் போதும் என்பதற்கு. அதுக்குக் கீழே இருப்பது ஆட்கள். 1987ஆம் ஆண்டின் பிரதேச சபைச் சட்டத்தில் 33ஆம் பிரிவு என்று ஒன்று. சபைக் காசைத் தோட்டத்துக்குள் செலவழிக்க அதுதான் தடையாக இருந்தது. அதைத் திருத்தினது 2018இல். அதாவது சின்னவள் லொறியில் பிறந்து பதினொரு வருசத்துக்குப் பிறகுதான், எங்கள் லயத்துப் பாதையில் கல் போட சபைக்குச் சட்டப்படி வழி திறந்தது. இதைக் கெம்பஸில் பரீட்சைக்காகப் படித்தபோது நடுவிலவளுக்கு அது வெறும் இலக்கம். மழையில் காரைத் தள்ளின ராத்திரி அது பாலத்தடிக் கல்லாகத் தெரிந்தது.

காரைத் திருப்பிக் கொடுத்த பிறகு வீட்டில் உட்கார்ந்து பேசினோம். பெரியவன் முகத்தில் ஆசை அப்படியே இருந்தது. அம்மா கொப்பியை வாங்கி, எழுத்துக் கூட்டி வாசித்தாங்க.

"காரு நல்லாத்தான் இருக்கு. எனக்கு வாந்தி வரல்ல, கால் நோகல்ல. ஆனா அது மேல் ரோட்டுல நிக்கிற காரு தம்பி. நாங்க கீழ இருக்கோம். எனக்கு ஒன்னுன்னா அது மேல நின்னு என்னத்த செய்யும்?"

"ஹயர் ஓடினா காசு வருமேம்மா."

"வரும். வராத மாசம் லீசிங்காரனுக்கு என்ன சொல்லுவ? இந்தக் காசு மறுபடி வர இன்னும் 32 வருசம் கொழுந்து எடுக்கணும். எனக்கு ஏலாது."

அதுக்கு மேல் யாரும் பேசவில்லை. அம்மாவின் காசு இப்போது நிலையான வைப்பில் இருக்கிறது. பெரியவன் ஹட்டன்காரரின் அதே அக்சியோவை, கிடைக்கிறதில் பங்கு என்று பேசி, கட்டுநாயக்காவுக்கு ஓட்டுகிறான். முதல் மாசம் கோபமாகத்தான் இருந்தான். பிறகு டயர், சேர்விஸ், இன்சூரன்ஸ் எல்லாவற்றையும் பக்கத்தில் இருந்து பார்த்ததில் கோபம் கொஞ்சம் குறைந்தது. கார் வாங்கும் ஆசை குறையவில்லை. தன் காசில் முற்பணம் சேரட்டும், அப்போது அம்மாவிடம் கேட்காமலே வாங்குவேன் என்கிறான். வாங்கட்டும், நாங்களும் ஏறுவோம்.

அந்த ஏப்ரலில் உள்ளூராட்சித் தேர்தலுக்கு ஓட்டுக் கேட்டு வந்தவர்களிடம் பாலத்தடியையும் மாடசாமி வளைவையும் காட்டினோம். உயரமான ஜீப்பில் வந்தவர்களுக்கு அது பெரிதாகத் தெரியவில்லை. மே 6 தேர்தல் முடிந்து வந்த ஒரு ஞாயிற்றுக்கிழமை லயத்து ஆட்கள் சேர்ந்து சிரமதானம் செய்தோம். அப்பா பிக்காசு பிடித்தார், பொம்பளையாட்கள் கொழுந்துச் சாக்கில் கல் சுமந்தார்கள். அன்று பின்னேரம் பெரியவன் ஹயர் முடித்து வந்த அக்சியோவைக் கீழ் லயத்தில் இருந்து ஏற்றிப் பார்த்தான். 19 நிமிசம். யாரும் இறங்கவில்லை. அம்மா ஏறாமல் பின்னால் நடந்து வந்து, இரண்டு இடத்திலும் குனிந்து கார் உரசுதா என்று பார்த்தாங்க.

ஜூன் மழையில் மாடசாமி வளைவில் போட்ட கல் பாதி போய்விட்டது. பாலத்தடியில் போட்டது நிற்கிறது. வளைவுக்கு கொங்கிறீட் வேண்டும் என்று கடிதம் எழுதி, 33ஆம் பிரிவின் திருத்தத்தையும் குறிப்பிட்டு, எல்லா வீட்டிலும் கையெழுத்து வாங்கியிருக்கிறோம். கொப்பியில் அடுத்த பக்கத்தைக் காலியாக விட்டிருக்கிறோம். பதில் வந்ததும் நிமிசக் கணக்கோடு எழுதுகிறோம்.